நெய்வேலியில் பச்சைமுந்திரி அரிந்த வாரம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லில் ரயில் ஏறினோம், நானும் என் மகள் யாழினியும். 2014ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதக் கடைசி. யாழினிக்கு மூன்றரை வயது, டிக்கெட் வேண்டாம். எனக்கு விருத்தாசலம் வரை இரண்டாம் வகுப்பு இருக்கைக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். தூரம் ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீட்டர்.

என் கணவரின் அக்கா நெய்வேலியில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் மதினி என்போம். மதினியின் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் அவர்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை என்று மதினிக்கு மனக்குறை இருந்தது. அதைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஜன்னலோரம் நின்று, "ஒம்பது நாளுதான. அக்கா மனசு கோணாம நடந்துக்க," என்றார். ரயில் நகர்ந்த பிறகும் அந்த வாக்கியம் என்னோடு உட்கார்ந்திருந்தது.

முந்திரி சீசனில் சின்னக் குழந்தையோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக நாள்வாரியாக எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் இறங்கும்போது மணி பதினொன்றேகால். நெய்வேலிக்குப் பஸ்ஸில் இருபத்தைந்து கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். பாதி வழியில் தொலைவில் ஒரு மலை தெரிந்தது. உச்சி தட்டையாக, கத்தியால் சீவியதுபோல் இருந்தது. "அது என்ன மலைங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "மலை ஏதுங்க இங்க? சுரங்கத்துல தோண்டி கொட்ன மண்ணு. உள்ள எவ்ளோ பள்ளமோ வெளிய அவ்ளோ ஒசரம்," என்றார். யாழினி அதற்குள் அந்த மலைக்கு டாட்டா காட்டிவிட்டாள்.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் குறைந்ததுபோல் இருந்தது. அளவெடுத்துப் போட்ட நேர்த் தெருக்கள், இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், ஒரே அச்சில் வார்த்த ஓட்டு வீடுகள். தெருவுக்குப் பெயர் உண்டு, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. பிளாக் எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்து மதினி வீட்டு வாசலில் இறங்கினோம். ஷிப்ட் முடிந்து வந்திருந்த அண்ணன், அதாவது மதினியின் கணவர், வேட்டியோடு வந்து பையை வாங்கிக்கொண்டார். மதினி யாழினியைத் தூக்கி, "ஏத்தா, இம்புட்டு ஒல்லியாவா வச்சிருக்க பிள்ளய?" என்றார். வந்த ஐந்தாவது நிமிடத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று தோன்றியது. மதினி அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிப் பக்கம் போனோம். மதினி வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுக்கும் அஞ்சலைதான் அழைத்துப் போனாள். முப்பது வயதிருக்கும். பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். பிறந்த ஊர் பண்ருட்டிக்கு அருகே. அவள் அண்ணன் அங்கே முந்திரித் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். "திண்டுக்கல் அக்கா பூட்டுதான் பாத்துருக்கும், முந்திரி மரம் பாத்துருக்குமா? வாங்க காட்டறேன்," என்று கிளப்பிவிட்டாள். மதினி வரவில்லை. பஸ்ஸுக்குப் பதினான்கு ரூபாய், அதன் பிறகு ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய்.

பண்ருட்டிக் கடைத்தெருவில் பலாப்பழங்கள் கடைவாசலைத் தாண்டிச் சாலை ஓரம்வரை கிடந்தன. வாசனையில் யாழினி மூக்கைப் பொத்திக்கொண்டாள். தோப்பில் மரங்கள் தரையை ஒட்டிக் கிளை பரப்பியிருந்தன. குழந்தைகள்கூட ஏறி உட்காரலாம். மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கொட்டை. சீசன் முடியும் நேரம் என்றாலும் சில மரங்களில் இன்னும் பச்சையாகப் பிஞ்சுக் கொட்டைகள் இருந்தன. அஞ்சலை அவற்றைப் பறித்து ஒரு மஞ்சப்பை நிறையக் கொடுத்தாள்.

"இத ரெண்டா அரிஞ்சி உள்ள இருக்கற பருப்ப எடுத்து கொழம்பு வெச்சி பாருங்க. கறிக்கொழம்பு தோத்துடும்."

"கையில பால் படும்னு சொல்வாங்களே?"

"படும். பட்டா பொத்து பூடும். எண்ண தடவிகினு அரிங்க. அரிஞ்சி முடிச்சி சாம்பல போட்டு நல்லா தேச்சி, அப்பறம் சோப்பு போடுங்க. கொழந்தய கிட்ட சேக்காதீங்க."

எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை, மதினி பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் குழம்பு வைத்து அசத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து அரிந்தேன். கத்தி இறங்கும்போது கொட்டையின் தோலிலிருந்து பால் தெறித்தது. முதலில் தண்ணீர்போல் இருந்தது, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி எண்ணெயோடு கலந்தது. யாழினியை முன்னறையில் பொம்மைகளோடு உட்கார வைத்திருந்தேன். அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. அந்த வரையில் சரியாகத்தான் செய்தேன்.

மதினி திரும்பி வந்தபோது பருப்பு ஒரு கிண்ணம் சேர்ந்திருந்தது. "மதினி, கொஞ்சம் சாம்பல் இருக்கா?" என்று கேட்டேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். "கரி மேலதான் குடியிருக்கோம். கரியெரிச்சு ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குறோம். ஆனா எங்க வீட்ல ஒரு சிட்டிகை சாம்பல் கிடையாது, எல்லாம் கேஸ் அடுப்பு. துணியில தொடச்சுட்டு சோப்புப் போடு, போதும்."

அடுப்படிக் கம்பியில் மதினியின் பிடித்துணி தொங்கியது. வெள்ளைவெளேரென்று இருந்தது. பழுப்பும் எண்ணெயுமாக இருந்த கையை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளியாக வந்த வீட்டில் மூன்றாம் நாளே அழுக்காக்குவதா? அதனால் கொடியிலிருந்த யாழினியின் மஞ்சள் துண்டில் துடைத்தேன். அது எங்கள் பொருள். விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். துண்டு ஏற்கெனவே மஞ்சள் நிறம், கறை தெரியவில்லை. தண்ணீரில் அலசி வெயிலில் போட்டேன். எண்ணெய் தண்ணீரில் அலசினால் போகாது என்பதை அந்த நிமிடம் நான் நினைக்கவில்லை.

யாழினி பிறந்ததிலிருந்து அந்தத் துண்டு இல்லாமல் தூங்கமாட்டாள். ஓரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டேதான் கண் மூடுவாள்.

குழம்பு நன்றாக வந்தது. அண்ணன் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

புதன்கிழமை காலை யாழினியின் வலது கன்னம் சிவந்திருந்தது. கொசுக்கடி என்று நினைத்தேன். பத்து மணிக்கு அது கழுத்துக்கு இறங்கியது. மதியத்துக்குள் சிவப்பின் மேல் சின்னச் சின்னதாக நீர் கோத்த கொப்புளங்கள். அவள் சொறியச் சொறிய நான் ஈரத் துண்டால் ஒற்றி எடுத்தேன். அந்த மஞ்சள் துண்டால்தான். அதுதான் எங்களிடம் இருந்ததிலேயே மெத்தென்ற துணி.

மதினி வந்து பார்த்தார். பார்த்தவுடன் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கவிதா, ஆத்தா வந்திருக்கா. சத்தம் போட்டுப் பேசாத," என்றார்.

அம்மை என்றால் வீட்டில் என்னென்ன செய்வார்கள் என்பது எனக்கும் தெரியும். வாசலில் வேப்பிலைக் கொத்து. தாளிப்பு கிடையாது. வெளியாட்கள் வரக்கூடாது, வீட்டிலிருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பக்கூடாது. மருந்து கூடாது, ஊசி கூடாது, சோப்புக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை படுத்த துணியைத் துவைக்கப் போடக்கூடாது. யாழினியை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்தோம். அவள் அழுதுகொண்டே துண்டைக் கேட்டாள். கொடுத்தேன்.

நான் தாவரவியல் பட்டதாரி. அம்மைக் கொப்புளம் வயிற்றிலும் முதுகிலும் ஆரம்பித்து முத்து முத்தாகத் தனித்தனியே வரும் என்று தெரியும். யாழினிக்கு வயிறு சுத்தமாக இருந்தது. கன்னத்திலும் கழுத்திலும் கோடு கோடாக, பட்டை பட்டையாக, யாரோ விரலால் இழுத்ததுபோல் வந்திருந்தது. காய்ச்சலும் இல்லை. இதை மதினியிடம் சொல்ல வாயெடுத்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல மதினி," என்றேன்.

என் கணவருக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்ட காட்டலாமான்னு இருக்கு."

"அக்கா என்ன சொல்றா?"

"ஆத்தான்னு சொல்றாங்க."

"அக்காவுக்கு ரெண்டு பிள்ள வளத்து வெளியூர் காலேஜுக்கு அனுப்புன அனுபவம் இருக்குல. அவ சொல்றபடி கேளு. ஆத்தா வெளையாடுற எடத்துல நாம அவசரப்பட்டு ஏதாச்சும் ஆயிட்டா?"

அந்த "ஏதாச்சும்" எனக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை அம்மையாகவே இருந்து, நான் ஊசி போட்டு, அதனால் கண் போய்விட்டால் என் படிப்பை வைத்து நான் என்ன பதில் சொல்வேன்? செல்போனில் தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் வர இரண்டு நிமிடமானது. பத்து நோய்களின் பெயர் கிடைத்தது, பத்துக்கும் பயந்தேன்.

வியாழக்கிழமை புதிதாக நெற்றியில் வந்தது. அவள் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள். மாலையில் இடது கை. நான் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேப்பிலைத் தண்ணீரில் துண்டை நனைத்து முகம், கழுத்து, கை என்று ஒற்றிக்கொண்டிருந்தேன். ஒற்றினால் கொஞ்ச நேரம் அழுகையை நிறுத்துவாள், அதன் பிறகு முன்னைவிட அதிகமாகச் சொறிவாள். நானும் முன்னைவிட அதிகமாக ஒற்றுவேன். அண்ணன் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் குளித்துவிட்டு, கதவருகே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? அந்த வீட்டில் எல்லோரும் எங்களுக்கு நல்லதைத்தான் செய்தார்கள்.

அஞ்சலை புதன்கிழமையிலிருந்து வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, மதினியிடம் தெருவில் நின்றே பேசிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அதுதான் முறை.

வெள்ளிக்கிழமை காலை யாழினியால் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் பலாச்சுளைபோல் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. "அம்மா, லைட்டப் போடு," என்றாள். வெளியே நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். கண் பார்வை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து யோசித்தது நினைவிருக்கிறது. மதினி வந்து விபூதி பூசி, "கண்ணத் தொறந்து விடுவா, நீ அழாத. நீ அழுதா ஆத்தாவுக்குப் பிடிக்காது," என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் வாசலுக்கு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டு வேலையை முடித்துவிட்டு அஞ்சலை தெருவில் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னாக்கா, புள்ள எப்படி கீது? தண்ணி ஊத்திட்டீங்களா?"

"இல்ல அஞ்சலை. கண்ணு மூடிக்கிச்சு. தெறக்க முடியல." சொல்லும்போது கேட்டிலிருந்து கையை எடுத்து என் கண்ணைக் காட்டினேன்.

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து கேட்டருகே வந்துவிட்டாள். என் விரல் இடுக்குகளிலும் நகக்கண்ணிலும் பழுப்புக் கறை இருந்தது. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் மெல்லிசாக உரிந்திருந்தது. வலிக்கவில்லை என்பதால் நான் கவனிக்கவே இல்லை.

"சாம்பல் போட்டு தேச்சீங்களா?"

"சாம்பல் இல்ல இங்க. துணியில துடைச்சேன்."

"எந்தத் துணிக்கா?"

நான் யாழினி படுத்திருந்த அறையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அய்யய்யோ," என்று தலையில் கை வைத்தாள். "ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. முந்திரி பாலுக்கா அது! எங்க ஊர்ல கொட்ட ஒடைக்கறவங்க வூட்டுக்கு வூடு பாத்துகினு கீறோம், எனக்குத் தெரியாதா? எங்க வூட்ல அந்தத் துணிய அடுப்புல போட்டுடுவோம். நீங்க புள்ளைக்கு போத்திகினு கீறீங்களா?"

சத்தம் கேட்டு மதினி வெளியே வந்தார். "ஏய் அஞ்சலை, வாசல்ல நின்னு என்ன பேச்சு? ஆத்தா இருக்குற வீடுன்னு தெரியாதா?"

"ஆத்தா இருந்தா நான் ஏன்க்கா வாய தொறக்கறேன்? ஆத்தாளே வந்து சொன்னாதான் நம்புவீங்களா? திண்டுக்கல் அக்கா கைய பாருங்க மொதல்ல."

மதினி என் கையைப் பார்த்தார். அப்போதும் உள்ளே போய்ப் பூஜை அறையில் சூடம் ஏற்றி, அது அணையும்வரை நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தார். "நாளைக்குக் காலம்பற பண்ருட்டிக்குப் போவோம்," என்றார். வெள்ளிக்கிழமையில் ஆத்தாளை விட்டுவிட்டுப் போக அவருக்குத் துணிவில்லை. இப்போதாவது நான் "இன்றே" என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த வாரத்தில் நான் சொல்லாமல் விட்ட வார்த்தைகளில் அதுதான் மிகச் சிறியது. துண்டை மட்டும் எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வெளியே வைத்தேன். யாழினி அதைக் கேட்டு அன்று முழுவதும் அழுதாள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணி பஸ். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் அது சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு. அண்ணனின் அட்டையில் எங்கள் பெயர் இருக்க முடியாது. யாழினி முகத்தைச் சேலையால் மூடியிருந்தேன். காற்றில் சேலை விலகியபோது முன் இருக்கைப் பெண் தன் குழந்தையை மறுபக்கத் தொடைக்கு மாற்றிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன்.

பண்ருட்டியில் ஒரு சின்னத் தனியார் கிளினிக். மரப் பெஞ்சில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் கையும் என் கைபோலவே கறுத்திருந்தது. ஃபீஸ் நூற்றைம்பது ரூபாய். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். யாழினியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், டார்ச் அடித்து இமையை மெதுவாகப் பிரித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள ஒண்ணுமில்ல. இமை வீக்கம்தான், இறங்கிடும். மாங்கா தின்னு எப்பவாச்சும் வாயோரம் வெந்துச்சா இவளுக்கு?"

வெந்திருந்தது. போன வருஷம் மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் பத்து நாள் புண்ணாக இருந்தது. "ஆமா டாக்டர்."

"ரெண்டும் ஒரே குடும்பத்து மரம். ஒண்ணு ஒத்துக்கலன்னா இன்னொண்ணும் ஒத்துக்காது."

மாவும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பரீட்சையில் பூவின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, பாகம் குறித்து எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"தினம் புதுசு புதுசா பரவிக்கிட்டே இருக்கு டாக்டர். கொப்புளம் ஒடஞ்சு அந்தத் தண்ணி படுறதாலயா?"

"இது பரவுற நோயே இல்லம்மா. கொப்புளத் தண்ணியால பரவாது. அந்த எண்ணெய் பட்ட எடத்துல மட்டும்தான் வரும். தினம் புதுசா வருதுன்னா, தினம் யாரோ புதுசா தடவிக்கிட்டே இருக்கீங்கன்னு அர்த்தம். உங்க உள்ளங்கை தோல் கெட்டி, உங்களுக்குத் தெரியல. அவளுக்கு முகத்துத் தோல் பூ மாதிரி."

மருந்து எழுதிக் கொடுத்தார். துணி எல்லாவற்றையும் சோப்பில் ஊறவைத்துத் துவைக்கச் சொன்னார். என் நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். மருந்துக் கடையில் இருநூற்றுப் பத்து ரூபாய் ஆனது.

திரும்பும் பஸ்ஸில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாந்தான் ஆத்தான்னு சொன்னேன். எங்கம்மா வீட்ல பாத்தத வச்சுச் சொன்னேன். நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். நீ அத்தனை படிச்சவ. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"உங்க மனசு கோணும்னு..."

"பிள்ள கண்ணு மூடிக் கெடக்குறப்ப என் மனசு கோணுனா என்ன கவிதா?"

வீட்டுக்கு வந்ததும் மதினி யாழினிக்கு மருந்து தடவிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பிலை மஞ்சள் தண்ணீரையும் காலில் மட்டும் ஊற்றினார். அஞ்சலை அந்தப் பாலிதீன் பையை எடுத்துப்போய்விட்டாள். என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் நாள். வீக்கம் பாதி இறங்கி, வலது கண் கீற்றாகத் திறந்திருந்தது. கொப்புளங்கள் காய்ந்து கறுத்துக்கொண்டிருந்தன. தெருமுனைவரை மதினி வந்தார். பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் பையில் திணித்தார். முந்திரியை வெளியே எடுக்க நான் கை வைத்தேன். "வறுத்ததுதான், ஒண்ணும் செய்யாது," என்றார். இருந்தாலும் அவரே அதை எடுத்துவிட்டார்.

விருத்தாசலத்தில் பன்னிரண்டே முக்காலுக்கு ரயில். எதிர் இருக்கையில் மதுரைக்குப் போகும் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். "பாப்பாவுக்குத் தீக்காயமா?" என்று கேட்டார். இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவரிடம், துண்டில் துடைத்ததுவரை சொன்னேன். "விடுங்க, எல்லாருக்கும் நடக்குறதுதான்," என்றார். அப்படி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அரியலூர் தாண்டியதும் தயிர் சாதத்தைத் திறந்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வந்து ஒரு வாய் பிசைந்து நீட்டினேன். யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பசிக்கலையா குட்டி?"

"பசிக்குது. நீ வேணாம். உன் கை எரியும்." எதிர் இருக்கையைக் காட்டினாள். "ஆன்ட்டி ஊட்டட்டும்."

நான் ஸ்பூனை எடுத்தேன். ஸ்பூனும் வேண்டாம் என்றாள். அந்த அம்மா சங்கடமாகச் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் டப்பாவை அவரிடம் கொடுத்தேன். யாழினி அவர் மடியில் சாய்ந்து, திறந்த ஒற்றைக் கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டாள். காவிரிப் பாலம் வந்தபோது அவருக்குத்தான் காட்டினாள்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது நாலரை மணி. என் கணவர் அவளைத் தூக்கிய வேகத்தில் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி நின்றார். அப்புறம் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் பைகளோடு பின்னால் நடந்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும்தான். நெய்வேலித் தெருக்களின் நிழலோ, வீட்டைச் சுற்றிய தோட்டமோ இங்கே கிடையாது. தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். ஆனால் இந்த அடுப்படியில் தொங்குகிற துணி என்னுடையது, அதில் நான் எதைத் துடைத்தாலும் கேட்பாரில்லை. அன்று மதினி வீட்டில் இருந்ததற்கும் இங்கே இருப்பதற்கும் வேறுபாடு அவ்வளவுதான். அந்த அளவு வேறுபாட்டுக்காக நான் என் பிள்ளையின் முகத்தைக் கொடுத்திருக்கிறேன். தழும்பு ஒரு மாதத்தில் மறைந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மற்றதைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

ஐந்தரை மணிக்கு அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவினேன். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். பிறந்ததிலிருந்து அவர் ஒரு நாளும் அவளைக் குளிப்பாட்டியதில்லை. "கதவச் சாத்துப்பா, அம்மா வரக்கூடாது," என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. கதவு மூடியது. நான் வெளியே நின்று, சோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.